ரோபோவுக்கு வலிக்காதா பாஸ்?

மிமிக்ரி பண்ற ஆள் இல்லாத காலேஜ் தமிழ்நாட்டுல இருக்கா? கடைசி பெஞ்சுல கண்டிப்பா ஒருத்தன் இருப்பான். ஹெச்.ஓ.டி. மாதிரி இருமுவான், வார்டன் மாதிரி நடப்பான், பிரின்ஸிபால் மாதிரி 'டியர் ஸ்டூடன்ட்ஸ்' சொல்லுவான். கல்ச்சுரல்ஸ் வந்தா மைக் அவன் கைக்குப் போயிடும். 'மச்சி, நீயெல்லாம் டி.வி-ல இருக்க வேண்டியவன்டா!'னு நாமளும் ஏத்தி விடுவோம்.

சரி, அப்படி ஒருத்தன் நிஜமாவே டி.வி-க்குப் போனா என்ன ஆகும்? எவ்வளவு நாள் ஆகும்? என்ன கிடைக்கும்? அதுக்கு என்ன விலை கொடுக்கணும்? இந்த நாலு கேள்விக்கும் பதிலா வாழ்ந்துட்டுப் போன மனுஷன், ரோபோ சங்கர்.

2025 செப்டம்பர் 18-ம் தேதி சென்னையில ஒரு தனியார் மருத்துவமனையில அவர் இறந்துபோனார். வயசு 46. அன்னிக்கு ராத்திரி நம்ம எல்லோரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் அவர் முகம்தான். ஆனா, அந்த முகத்துக்குப் பின்னாடி இருந்த உழைப்பு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயின்ட் பூசின பையன்

1978 டிசம்பர்ல பிறந்த சங்கர், மதுரைக்காரர். அப்போ சினிமாவுல ஆளைத் தெரியாது, டி.வி-யிலயும் தெரியாது. ஊர்த் திருவிழா மேடைதான் அவருக்கு எல்லாமே.

நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆடி மாசம் வந்தா தெரியும். மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தி, கரகம் இறக்கி, கடைசி நாள் ராத்திரி 'பல்சுவை கலை நிகழ்ச்சி'னு போஸ்டர் ஒட்டுவாங்க. பாட்டு, டான்ஸ், நடுநடுவுல மிமிக்ரி. ஒன்பது மணிக்குன்னு போட்டிருக்கும்; ஆரம்பிக்கும்போது பதினொண்ணு ஆகிடும். முன் வரிசையில சின்னப் பசங்க பாயை விரிச்சுத் தூங்கிட்டே பார்ப்பாங்க. மதுரைச் சீமையிலயும் இதே கதைதான். அந்த மாதிரி மேடைகள்ல உடம்பு முழுக்க மெட்டாலிக் பெயின்ட் பூசிக்கிட்டு 'ரோபோ டான்ஸ்' ஆடினவர்தான் சங்கர். பேருக்கு முன்னாடி 'ரோபோ' ஒட்டிக்கிட்டது அப்படித்தான். அந்தப் பேரு கடைசிவரைக்கும் உதிரவே இல்லை.

1970-கள்ல மைக்கேல் ஜாக்சன் மேடையில ஆடி உலகத்துக்கே பழக்கின ஆட்டம் இது. பார்க்க ஈஸி மாதிரி இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு ட்ரை பண்ணிப் பாருங்க, தெரியும். கை நகரும்போது தோள் நகரக் கூடாது. தோள் திரும்பும்போது தலை திரும்பக் கூடாது. நகர்ற கை, மோட்டார் ஸ்விட்சை ஆஃப் பண்ணின மாதிரி 'டக்'குனு நிக்கணும். நம்ம தசைகளோட இயல்பே வழுக்கிக்கிட்டுப் போறது. அதை அடக்கி அடக்கித்தான் மனுஷனை மெஷினா காட்டணும். அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்கும்.

இதுல பெயின்ட் வேற! தெர்மோடைனமிக்ஸ்ல நமக்கு ஒரு சங்கதி சொல்லிக் கொடுத்திருக்காங்க. வியர்வை ஆவியாகிறப்போதான் உடம்போட சூடு வெளியே போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். அதாவது தோல்தான் நம்ம உடம்போட ரேடியேட்டர். அதுமேல பெயின்ட்டைப் பூசி, ஃபோகஸ் லைட்டுக்கு நடுவுல ஆடச் சொன்னா? வண்டி ரேடியேட்டரை அடைச்சுட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற கதைதான். ஆடி முடிச்சாலும் வேலை முடியாது. மெட்டாலிக் பெயின்ட் சோப்புக்கு லேசுல போகாது. எண்ணெய் போட்டுத் தேய்க்கணும், சமயத்துல மண்ணெண்ணெய் வரைக்கும் போகணும். அடுத்த நாள் அடுத்த ஊர்... அதே தோல் மேல மறுபடியும் பெயின்ட்!

ஜனங்க கைதட்டினது ரோபோவுக்கு. எரிஞ்சது சங்கருக்கு.

ஒரு பாட்டுப் பேரு... ஒரு புது வாசல்!

2004-ல வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்துல 'கலக்கப் போவது யாரு'னு ஒரு பாட்டு ஹிட்டாச்சு. அதே பேருல 2005-ல விஜய் டி.வி. ஒரு காமெடிப் போட்டியை ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல மிமிக்ரிக்கும் ஸ்டாண்டப் காமெடிக்கும் அப்படி ஒரு பெரிய மேடை அதுக்கு முன்னாடி இருந்ததில்லை. அதுவரைக்கும் டி.வி. காமெடின்னா பெரும்பாலும் சென்னை சபா நாடகக்காரர்களோட ஏரியா. இந்த நிகழ்ச்சி மதுரை, கோவை, திருச்சின்னு ஊர் ஊரா இருந்த திருவிழா மேடை ஆட்களை உள்ளே கூட்டிட்டு வந்தது. கோவை குணா, மதுரை முத்து, வடிவேல் பாலாஜி, நம்ம ரோபோ சங்கர்... எல்லோரும் இந்த வாசல் வழியா வீட்டுக்குள்ள வந்தவங்கதான். திருச்சியில இன்ஜினீயரிங் படிச்சுட்டு மிமிக்ரி பண்ணிக்கிட்டிருந்த சிவகார்த்திகேயனும் இதே வாசல்தான். (இன்ஜினீயரிங் பசங்க, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!)

அந்த வாசல் எவ்வளவு உயரத்துல இருக்கிற வீட்டுக்கும் திறந்தது. கல்வராயன்மலையில வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து வர்ற என் க்ளாஸ்மேட் ஒருத்தன் சொல்லுவான், அவங்க வீட்டுக்கு வந்த முதல் கலர் டி.வி., 2006-ல ஆரம்பிச்ச அரசாங்க இலவச டி.வி. திட்டத்துல வந்ததுதானாம். சின்ன வயசுல அதுல அவன் அப்பாவை வயிறு வலிக்கச் சிரிக்க வெச்ச முதல் ஆள் ரோபோ சங்கர்னு சொல்லும்போது அவன் குரலே மாறிடும். சினிமா பார்க்கணும்னா மலையிலிருந்து பஸ் பிடிச்சுக் கீழே இறங்கணும். காமெடி மட்டும் தானாவே மலையேறி வந்துடுச்சு.

குரலைத் திருடுற வித்தை

ரோபோவோட ஸ்பெஷல், கேப்டன் விஜயகாந்த் குரல். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தக் குரல் கொஞ்சம் கூடவே சொந்தம். 2011-ல இங்கே ரிஷிவந்தியம் தொகுதியிலதான் அவர் ஜெயிச்சு, சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2016-ல உளுந்தூர்பேட்டையில நின்னு தோத்தார். அப்போ இதெல்லாம் விழுப்புரம் மாவட்டம். 2019-ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு ரெண்டு ஊரும் நம்ம பக்கம் வந்துடுச்சு. எம்.எல்.ஏ-வா நேர்ல கேட்ட குரலையே டி.வி-ல இன்னொருத்தர் வாயில இருந்து கேட்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க!

மிமிக்ரியில குரல் பாதிதான் பாஸ். ஒருத்தர் எந்த இடத்துல மூச்சு எடுப்பார், எந்த வார்த்தையை மென்னு முழுங்குவார், பேசுறதுக்கு முன்னாடி கழுத்தை எந்தப் பக்கம் திருப்புவார்... இதெல்லாம் மீதிப் பாதி. முதல் ரெண்டு செகண்டுல 'ஏய், இது அவர்டா!'னு கூட்டம் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கலைன்னா அப்புறம் எவ்வளவு நல்லா பண்ணினாலும் வேஸ்ட். ரோபோவுக்கு இது கை வந்ததுக்குக் காரணம், அவர் அடிப்படையில டான்ஸர். உடம்பைத் தனித்தனி பார்ட்டா கழட்டி மாட்டத் தெரிஞ்சவருக்கு, இன்னொருத்தர் உடம்பை எடுத்து மாட்டிக்கிறது கஷ்டமா என்ன?

சிரிச்சா போச்சு!

'அது இது எது' நிகழ்ச்சியில 'சிரிச்சா போச்சு'னு ஒரு ரவுண்டு வரும், ஞாபகம் இருக்கா? கெஸ்ட்டுகள் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. காமெடியன்கள் கெட்டப் போட்டுக்கிட்டு வந்து கலாய்ப்பாங்க. சிரிச்சுட்டா அவுட்!

நமக்கு அது ஜாலியான விளையாட்டு. அந்தக் காமெடியன் இடத்துல இருந்து பாருங்க. எதிர்ல இருக்கிறவர் சிரிக்கவே கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அவரைச் சிரிக்க வைக்கிறதுதான் இவர் வேலை. அடுத்த வாரம் புது கெட்டப், புது ஸ்கிட், புது ஆள். போன வாரம் எடுபட்ட ஜோக் இந்த வாரம் எடுபடாது.

இங்கிலாந்துல ரோவன் அட்கின்சன்னு ஒருத்தர். நமக்கு மிஸ்டர் பீன். அவரும் நம்ம கோஷ்டிதான். ஆக்ஸ்ஃபோர்டுல எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங்ல மாஸ்டர்ஸ் முடிச்சவர். வாயைத் திறக்காம உடம்பாலேயே சிரிக்க வெச்ச அவரோட மிஸ்டர் பீன் தொடர் 1990-ல ஆரம்பிச்சது. மொத்தமே 15 எபிசோடுதான்! அதை வெச்சே உலகம் பூரா கொண்டாடிருச்சு. நம்ம ஊர் டி.வி. காமெடியனுக்கு அந்தச் சொகுசு கிடையாது. 15 எபிசோடை அவர் சில மாசத்துலயே முடிச்சிருப்பார். முடிச்சுட்டு, 'அடுத்து என்ன சார் பண்ணலாம்?'னு ஸ்கிரிப்ட் பேப்பரோட உட்கார்ந்திருப்பார்.

வெட்டுப்பட்ட சீன்

டி.வி-ல எல்லோருக்கும் தெரிஞ்ச முகம் ஆகியாச்சு. சினிமா? அது இன்னொரு கியூ. 2011-ல வந்த 'ரௌத்திரம்' படத்துல டைரக்டர் கோகுல் ரோபோவை நடிக்க வெச்சார். படம் ரிலீஸ் ஆனப்போ அவர் நடிச்ச சீன்கள் இல்லை. எடிட்டிங்ல போயிடுச்சு! சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் 'படம் வருது, பாருங்க'னு சொல்லிட்டு, தியேட்டர்ல தன் முகமே இல்லைன்னா எப்படி இருக்கும்?

அதே கோகுல், 2013-ல 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா' எடுத்தப்போ ரோபோவை மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை கேரக்டர் பேரு 'சவுண்டு' சங்கர். கத்திரிக்குத் தப்பிச்சது, தியேட்டர் குலுங்கிச்சு. அப்போ அவருக்கு 34 வயசு. 'கலக்கப் போவது யாரு' ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆகியிருந்தது. 'ப்ளேஸ்மென்ட்ல முதல் கம்பெனி போச்சு'னு ரூம் கதவைச் சாத்திக்கிற மக்கள், இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அப்புறம் மளமளன்னு படங்கள். 2015-ல 'மாரி'யில தனுஷ்கூட 'சனிக்கிழமை'. 2016-ல 'வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்'. நடந்ததைச் சொல்லுடான்னா ஒவ்வொரு தடவையும் விடிகாலை ஆறு மணிக்குக் கோழி கூவினதுல இருந்தே ஆரம்பிப்பாரே... அந்த சீன் இல்லாத மீம் பேஜ் உண்டா? வைவாவுல பதில் தெரியாம இழுக்கிறவனுக்கு எங்க ஹாஸ்டல்ல இன்னிக்கும் 'கோழி கூவுது'னுதான் பேரு. 2019-ல 'விஸ்வாசம்'. அதே வருஷம் தமிழ் 'லயன் கிங்'ல பும்பாவுக்குக் குரல் கொடுத்தது ரோபோதான், டிமோனுக்கு சிங்கம்புலி. ஹாலிவுட் காட்டுப்பன்றி நம்ம ஊர்ப் பாஷை பேசினப்போ குழந்தைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதே 2019-ல மகள் இந்திரஜா 'பிகில்' படத்துல பாண்டியம்மாவா வந்து, அப்பாவுக்குச் சமமா பேர் வாங்கிட்டாங்க.

சரக்கு காமெடி

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசணும், மக்களே.

2014-ல வந்த 'வாயை மூடி பேசவும்' படத்துல ரோபோவுக்குக் குடிகாரர்கள் சங்கத் தலைவர் வேஷம். பேரு 'மட்டை' ரவி. செம காமெடி! நம்ம சினிமாவுலயும் டி.வி-லயும் தள்ளாடுற ஆள் வந்தாலே சிரிப்புதான். காலேஜ் ஸ்கிட்டும் அப்படித்தான். ஜோக் தோணலையா? ஒருத்தனைக் குடிகாரனா தள்ளாட விடு. கைதட்டு கேரன்ட்டி.

2023-ல ரோபோவைப் பார்த்து எல்லோரும் அதிர்ச்சி ஆனாங்க. கடுமையான மஞ்சள் காமாலை. ஆள் பாதியா இளைச்சுப் போயிருந்தார். மீண்டு வந்தவர், எதையும் மறைக்கலை. தவறான பழக்கங்களுக்கு அடிமையானதாவும், சாவோட விளிம்பு வரைக்கும் போயிட்டு வந்ததாவும் அவரே வெளிப்படையா பேசினார். தன்னையே உதாரணமா காட்டி இளைஞர்களை எச்சரிச்சார். வாழ்நாள் பூரா சிரிக்க வெச்சே பிழைச்ச ஒருத்தர், மைக் முன்னாடி சிரிக்காம ஒரு விஷயத்தைச் சொல்றது சாதாரணமில்லை. அது அவர் பண்ணினதுலயே கஷ்டமான மேடைன்னு எனக்குத் தோணுது.

வேற ஊர்ப் பசங்களுக்கு இது ஒரு நடிகரோட ஹெல்த் நியூஸ். கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு அப்படி இல்லை. 2024 ஜூன் மாசம் எங்க ஊர் கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. பெரும்பாலும் அன்றாடக் கூலி வேலைக்குப் போறவங்க. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், பாண்டிச்சேரி ஜிப்மர்னு ஆம்புலன்ஸ் ஓடிக்கிட்டே இருந்தது. ஒரே தெருவுல அடுத்தடுத்த வீடுகள்ல பந்தல். மெத்தனால் உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் ஆசிட்டா மாறும், முதல்ல கண் பார்வையை எடுக்கும்னு கெமிஸ்ட்ரி புக்குல ஒரு வரியில படிச்சிருப்போம். அந்த ஒரு வரி எங்க ஊருக்குள்ள வந்துட்டுப் போச்சு.

அந்த வருஷத்துக்கு அப்புறம் 'சரக்கு' ஸ்கிட் போட்டா எங்க பக்கத்துப் பசங்க சிலர் சிரிக்கறதில்லை. எழுந்து வெளியே போயிடறாங்க. யாரும் ஏன்னு கேக்கறதும் இல்லை. ரோபோ சொன்னதும் கருணாபுரம் சொன்னதும் எனக்கு ஒண்ணுதான். மேடையில தள்ளாடினா கைதட்டு கிடைக்கும்... வீட்டுல தள்ளாடினா கிடைக்காது.

ரோபோ போனதுக்கு அப்புறம்

ஷூட்டிங் இடத்துலயே மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. ரெண்டே நாள்ல முடிஞ்சுபோச்சு. இறுதி ஊர்வலத்துல அவர் மனைவி பிரியங்கா ஆடினாங்க. 'இப்படியா ஆடுறது?'னு கண்டிச்சவங்களும் உண்டு. அவங்களும் டான்ஸர். ரோபோ வாழ்க்கை ஆரம்பிச்சதே ஆட்டத்துலதான். அழுகையை எந்தப் பாஷையில அழணும்னு அடுத்தவங்க எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கையும் பார்த்துடலாம். வடிவேல் பாலாஜி 2020-ல போயிட்டார். கோவை குணா 2023-ல. 'லொள்ளு சபா' சேஷு 2024-ல. மதன் பாப் 2025 ஆகஸ்ட்ல, அடுத்த மாசமே ரோபோ சங்கர். ஒவ்வொருத்தர் போனதுக்கும் காரணம் வேற வேற. ஆனா, இந்தத் தொழிலுக்குன்னு ஒரு பொதுவான தினசரி இருக்கு. ராத்திரி முழுக்க ஷோ, விடிகாலை பஸ், நேரம் கெட்ட சாப்பாடு, தூக்கமில்லாத கண். ஷோ இருந்தாத்தான் காசு. காய்ச்சல்னு படுத்தா அன்னிக்குச் சம்பளம் கிடையாது. லாக்டவுன்ல திருவிழா நின்னப்போ ஊர் ஊரா மேடைக் கலைஞர்கள் எப்படித் தவிச்சாங்கன்னு நம்ம பக்கத்துலயே பார்த்தோம். மிமிக்ரிக்கு பி.எஃப். பிடிக்க ஆள் இல்லை பாஸ்!

நாம என்ன பண்ணலாம்?

பெருசா ஒண்ணும் வேண்டாம். நம்ம கேம்பஸ்லயே ஆரம்பிக்கலாம்.

ஒண்ணு: சிம்போசியத்துக்கு டி.ஜே-வுக்குக் காசு ஒதுக்குறோம், லைட்டுக்கு ஒதுக்குறோம். மிமிக்ரி பண்றவனுக்கு மட்டும் 'நம்ம பையன்தானே'னு ஒரு ஷீல்டு கொடுத்து அனுப்பிடறோம். கொஞ்சமாவது காசு ஒதுக்குங்க. தன் வேலைக்கு ஒரு விலை இருக்குன்னு அவனுக்கே தெரியட்டும்.

ரெண்டு: உடம்புல எதைப் பூசச் சொன்னாலும், என்ன பெயின்ட்னு டப்பாவைத் திருப்பிப் படிங்க. தோலுக்குன்னே செஞ்ச மேக்கப் கலர் கடையில கிடைக்குது. சுவருக்கும் கேட்டுக்கும் அடிக்கிறதை மனுஷன் மேல அடிக்காதீங்க.

மூணு: அடுத்த ஸ்கிட்டுல தள்ளாடுற ஆளை ஒரே ஒரு தடவை லீவ்ல அனுப்பிட்டு யோசிங்க. பஸ் பாஸ், மெஸ் சாம்பார், அரியர் ஃபீஸ், ஆன்லைன் அட்டென்டன்ஸ்னு நம்மைச் சுத்தி இல்லாத காமெடியா?

நாலு: உங்க க்ளாஸ் மிமிக்ரி பார்ட்டி நிஜமாவே சேனல் பக்கம் போகணும்னு சொன்னா, கேலி பண்ணாதீங்க. தடுக்கவும் வேண்டாம். டிகிரியைக் கையில வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. பெயர் வர எட்டு வருஷம் ஆகலாம், நடிச்ச சீன் வெட்டுப்படலாம்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. அப்படியும் 'போறேன்'னு சொன்னா, பஸ் ஏத்தி விட்டுட்டு வாங்க.

கடைசியா ஒண்ணு. அவன் மேடையை விட்டு இறங்கினதும் எல்லோரும் 'மச்சி, இன்னொரு வாய்ஸ் பண்ணு, இன்னொரு வாய்ஸ் பண்ணு'னுதான் சுத்தி நிப்போம். இந்தத் தடவை ஒரே ஒருத்தராவது வேற ஒண்ணு கேளுங்க... 'சாப்ட்டியாடா?'